பத்தில் ஒன்று யாருக்கு? சிவகங்கைச் சீமையில் தசமபாகமும் மகமையும்

சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில், திருக்கொடுங்குன்றநாதர் கோயிலில் ஒரு வணிகக் கல்வெட்டு உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 1300. ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினரும் பல ஊர் வணிகர்களும் ஒன்றுகூடி, தாங்கள் வாங்கி விற்கும் சரக்கில் அளவுக்கேற்ப இவ்வளவு என்று கோயிலுக்கு ஒதுக்கிய செய்தி அதில் இருக்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, பருத்தி, இரும்பு என்று தொடங்கிக் குதிரை வரை பட்டியல் நீள்கிறது. பட்டணப் பகுதி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் இந்தப் பங்கு அரசன் விதித்ததன்று. வணிகர்களே கூடிப் பேசித் தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொண்டார்கள். விதித்ததைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்.

அதே சீமையில் இன்று காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மானாமதுரையிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் ஒரு விசுவாசி, சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுப்பது தேவ கட்டளை என்று கேட்டு வளர்கிறார். மல்கியா தீர்க்கதரிசி புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் அதற்கு ஆதாரமாக வாசிக்கப்படுகிறது. கொடுக்காதவர் கடவுளிடம் திருடுகிறவர் என்ற எச்சரிக்கையும், கொடுப்பவருக்கு வானம் திறக்கும் என்ற வாக்குறுதியும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அடுத்தபடியாக ஆலய வாசலில் எழும் கேள்விகள் நடைமுறை சார்ந்தவை. மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா? வருங்கால வைப்பு நிதி திரும்பக் கிடைக்கும்போது மறுபடியும் கொடுக்க வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்கு உண்டா?

இக்கேள்விகளுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. வேதாகமத்தில் அந்தப் பத்தில் ஒன்றை யார் கொடுத்தார்கள், அது யாரிடம் போய்ச் சேர்ந்தது, யார் கணக்கு வைத்தார்கள்? தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு அது எப்போது, எந்த வழியாக வந்தது? இவற்றைத் தொடர்ந்து சென்றால், நகரத்தார் வணிகர்கள் தொழில் வரவில் கோயிலுக்கென்று ஒதுக்கிய மகமையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் செட்டிநாட்டில் நின்று இதைப் பேச முடியாது என்பதும் புலப்படும்.

நிலமும் லேவியரும்

பத்தில் ஒன்றைப் பற்றி முதலில் வரும் இரண்டு இடங்களும் ஆதியாகமத்தில் உள்ளன. போரில் மீட்ட பொருளில் பத்தில் ஒரு பங்கை ஆபிரகாம் சாலேமின் ராஜாவான மெல்கிசேதேக்குக்குக் கொடுக்கிறார் (14ஆம் அதிகாரம்). பெத்தேலில் யாக்கோபு, கடவுள் தன்னைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தால் பத்தில் ஒன்று தருவதாகப் பொருத்தனை செய்கிறார் (28ஆம் அதிகாரம்). முதலாவது, போர் முடிந்து ஒரே ஒரு முறை நடந்தது. அந்தப் போர்ப் பொருளில் தமக்கென்று ஒரு நூலைக்கூட எடுக்க ஆபிரகாம் மறுத்துவிட்டார். இரண்டாவது, நிபந்தனையோடு கூடிய நேர்த்திக்கடன். மோசேயின் சட்டத்துக்கு முந்தியது என்பதால் தசமபாகம் எல்லாக் காலத்துக்கும் உரியது என்று வாதிடுவோர் உண்டு. விருத்தசேதனமும் சட்டத்துக்கு முந்தியதுதான். 17ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதைப் புறவினக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தக்கூடாது என்று பவுல் எவ்வளவு போராடினார் என்பது கலாத்தியர் நிருபத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே காலத்தால் முந்தியது என்பது மட்டும் ஒரு வாதமாக நிற்காது.

சட்டமாக அது உருப்பெறுவது லேவியராகமம் 27, எண்ணாகமம் 18, உபாகமம் 14, 26 ஆகிய அதிகாரங்களில். அங்கே பேசப்படுவது விளைச்சலும் மந்தையும். நிலத்தின் தானியம், மரத்தின் கனி, இடையனின் கோலுக்குக் கீழே கடந்துபோகும் ஒவ்வொரு பத்தாவது ஆடு அல்லது மாடு. கூலி, வட்டி, கைவினை வருமானம் பற்றி இந்தப் பகுதிகளில் ஒரு சொல் இல்லை. எழுதப்பட்ட சட்டத்தின்படி பார்த்தால் நிலமில்லாத தச்சனும், கடலை நம்பிய மீனவனும், அன்றாடக் கூலிக்காரனும் தசமபாகம் கட்டுவோர் பட்டியலில் வரமாட்டார்கள். பணத்திலும் பத்தில் ஒன்று ஒதுக்கும் வழக்கம் யூதரிடையே பிற்காலத்தில் வளர்ந்தது.

பெற்றவர்கள் ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர். காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: மற்றக் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடப்பட்டது, லேவிக்கு இல்லை. நிலத்துக்குப் பதிலாகவே விளைச்சலில் பங்கு. அந்த லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றை ஆசாரியர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் கொடுக்கிறவராக இருந்தார்.

உபாகமம் 14 இன்னும் சுவையானது. பிரசங்கங்களில் அபூர்வமாகவே கேட்கும் பகுதி அது. விளைச்சலின் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆலயத்துக்குப் போய், அங்கே ஆண்டவர் முன்னிலையில் சாப்பிட்டு மகிழ வேண்டும் என்று அது சொல்கிறது. ஊர் தூரமென்றால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போய், அங்கே ஆடோ மாடோ திராட்சரசமோ மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம். உள்ளூர் லேவியனை மறக்கக்கூடாது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் நடக்கும் அசனப் பண்டிகையில் சபையார் கொண்டுவந்த அரிசியும் காயும் ஒரே பந்தியாக வெந்து எல்லாருக்கும் பரிமாறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரம் எளிதில் விளங்கும். என் வாசிப்பில், தமிழ்ச் சபைகளில் வேதாகமத் தசமபாகத்துக்கு மிக நெருக்கமாக நிற்பது காணிக்கைக் கவர் அல்ல, அசனப் பந்தி.

மூன்றாம் ஆண்டில் ஏற்பாடு மாறுகிறது. அந்த ஆண்டின் பங்கு ஆலயத்துக்குப் போகாது. ஊர் வாசலிலேயே சேர்த்து வைக்கப்படும். லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் வந்து வயிறார உண்ண வேண்டும். இவை ஒரே பங்கின் வேறுபட்ட விவரிப்புகளா, தனித்தனிப் பங்குகளா என்பது பழைய விவாதம். தோபித்து நூலும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸும் மூன்று பங்குகளைப் பேசுகிறார்கள். ரபிகளின் ஒழுங்கில் ஏழாண்டுச் சுற்று ஒன்று உருவானது: ஆறு ஆண்டுகளும் லேவியருக்கு முதல் பங்கு, 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளில் எருசலேமில் உண்ணும் இரண்டாம் பங்கு, 3, 6ஆம் ஆண்டுகளில் அதற்குப் பதிலாக ஏழைகளின் பங்கு, நிலம் தரிசாகக் கிடக்கும் ஏழாம் ஆண்டில் எதுவும் இல்லை. நூறு மரக்கால் விளைந்தால் முதலில் பத்து, மீதித் தொண்ணூறில் ஒன்பது, ஆக 19. 'பத்து சதவீதம்' என்று எளிதாகச் சொல்லிவிடும் கணக்குக்கு வேதாகமத்துக்குள்ளேயே அவ்வளவு எளிய இடம் இல்லை.

பண்டசாலையில் ஒரு குடித்தனக்காரர்

இனி மல்கியா. அது பாரசீகர் ஆட்சிக்காலத்து எருசலேமைப் பார்த்துப் பேசுகிறது. தசமபாகத்தைக் கொண்டுவரும்படி அது சொல்லும் பண்டசாலை என்பது ஆலயத்தை ஒட்டிய தானியக் கிட்டங்கி. அதே காலச் சூழலைக் காட்டும் நெகேமியா 13ஆம் அதிகாரத்தை மல்கியாவோடு சேர்த்து வாசித்தால் படம் முழுமையாகும். ஏனோ நம் மேடைகளில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதே இல்லை.

யூதாவின் ஆளுநரான நெகேமியா ஊரில் இல்லாத நேரத்தில், ஆசாரியனான எலியாசிப் தன் உறவினனான தொபியாவுக்குப் பண்டசாலையின் பெரிய அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்துவிட்டான். தசமபாகத் தானியம் இருக்க வேண்டிய இடத்தில் தனி மனிதரின் தட்டுமுட்டுச் சாமான். நெகேமியா திரும்பி வந்தபோது பங்கு கிடைக்காத லேவியர் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். அவர் தொபியாவின் சாமான்களை வெளியே எறிந்து, அறையைச் சுத்தம் செய்யச் சொல்லி, பொருள்களை மீண்டும் உள்ளே வைத்தார். மக்கள் மறுபடியும் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொண்டுவந்தார்கள். உடனே அவர் செய்த காரியம் நால்வரைக் கணக்குப் பொறுப்பில் வைத்தது: ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக்கு, லேவியன் பெதாயா, உதவிக்கு ஆனான். உண்மையானவர்கள் என்று எண்ணப்பட்டதால் அவர்கள் நியமிக்கப்பட்டார்கள் என்று காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. மல்கியாவின் கண்டனம் கொடாத மக்கள்மேல் மட்டும் விழுவதாக நினைக்கிறோம். அந்தப் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் பெரும்பகுதி ஆசாரியர்களைக் கண்டிப்பது.

தம் பெயரில் நூல் உள்ள தீர்க்கதரிசிகளில் மிகப் பழையவருள் ஒருவரான ஆமோஸ், தசமபாகத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொண்டே ஏழைகளை நசுக்கியவர்களைக் கிண்டலாகவே பேசினார். இயேசுவின் பேச்சும் அதே தடத்தில் போகிறது. சீரகம் வரைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு நீதி, இரக்கம், விசுவாசம் மூன்றையும் விட்டுவிட்டார்கள் என்று பரிசேயரை அவர் கடிந்துகொள்கிறார். அதையும் விடாமல் இதையும் செய்திருக்க வேண்டும் என்கிறார். ஆலயமும் லேவியரும் இருந்த காலத்தில், சட்டத்துக்குட்பட்ட யூதர்களிடம் சொன்ன வார்த்தை அது. எபிரெயர் 7 தசமபாகத்தைப் பற்றி விரிவாகப் பேசினாலும், கிறிஸ்துவின் ஆசாரியத்துவம் லேவியின் ஆசாரியத்துவத்தைவிட மேலானது என்று நிறுவுவதே அதன் நோக்கம். சபைகள் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை.

பணம் பற்றி மிக விரிவாக எழுதியவர் பவுல். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையிடம் நன்கொடை கேட்கும்போது (முதல் நிருபம் 16, இரண்டாம் நிருபம் 8, 9) பத்தில் ஒன்று என்ற அளவை அவர் ஒருமுறைகூடக் கையிலெடுக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி, மனதில் தீர்மானித்தபடி, கட்டாயமில்லாமல் என்கிறார். அந்தப் பணத்தைத் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தேர்ந்தெடுத்தவர்களைத் தம்முடன் கூட்டிப்போகிறார். பழிச்சொல்லுக்கு இடம் வரக்கூடாது என்று காரணமும் சொல்கிறார். நெகேமியாவின் நால்வர் இங்கே வேறு பெயரில் வருகிறார்கள்.

ஐரோப்பாவில் வரியானது

பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் நூற்றாண்டில் இரேனேயு, யூதர் பத்தில் ஒன்று கொடுத்தார்கள், கிறிஸ்தவரோ உள்ளதையெல்லாம் ஆண்டவருக்கென்று வைத்திருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். கி.பி. 585இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம் தசமபாகத்தைக் கட்டாயமாக்கிற்று. 779இல் மன்னன் சார்லமேன் அதை அரசாணையாக்கினான். விசுவாசத்தின் காரியமாக இருந்தது நிலவரியோடு ஒன்றாகக் கலந்தது. 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி அதை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியப் பங்கைப் பணமாக மாற்றியது. அந்தப் பணக் கட்டணம் ஒழிய 1936ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தேவாலயங்களுக்காக வரி வசூலிக்கும் முறை 1833இல் ஒழிந்தது.

இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் மிஷன், யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தது 1834இல். வரிப்பணத்தில் வாழ்ந்த திருச்சபை என்றால் என்ன என்று கண்கூடாகக் கண்டு, அதிலிருந்து விடுபட்ட மறு ஆண்டில் வந்தவர்கள். திருநெல்வேலியில் உழைத்த ஆங்கிலேய மிஷனரிகளின் நாட்டில் தசமபாகம் என்பது குடியானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிய பாக்கி. அவர்கள் தமிழ்நாட்டில் அதைக் கட்டளையாகப் போதிக்காததில் வியப்பில்லை.

மானியம், டாலர், பிடியரிசி

சிவகங்கைச் சீமையின் கிறிஸ்தவம் அமெரிக்கன் மிஷனின் வருகைக்கு முந்தியது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் காலத்திலேயே மறவர் நாட்டில் கத்தோலிக்கச் சபைகள் இருந்தன. அவற்றை வாழவைத்தவை உபதேசியார்களின் உழைப்பும் ஊர்க் காணிக்கையும், பின்னாளில் ஆட்சியாளர் கொடையும். சருகணித் தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியமும் தேரும் அளித்தது இன்றும் அந்தப் பகுதியில் பெருமையோடு சொல்லப்படுகிறது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே கையால் நிலம் எழுதிவைத்த பாளையக்கார மரபு அது. மானியம் இருந்த இடத்தில் தசமபாகம் தேவைப்படவில்லை. 1894இல் இடைக்காட்டூரில் பிரெஞ்சு இயேசு சபைக் குரு பெர்டினான்டு செல்லே ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில் திருஇருதய ஆலயத்தைக் கட்டியபோது, பிரான்சிலிருந்து வந்த நன்கொடை கைகொடுத்தது. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, விசுவாசிகள் திருச்சபையின் தேவைகளுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. விகிதம் எதையும் விதிப்பதில்லை. ஊர்ப் பங்குகளில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது உண்டு. பக்கத்து அம்மன் கோயில் கொடைக்குப் போடுவதும் அதே முறைதான்.

திருப்புவனம், மானாமதுரை ஆகிய இடங்களில் நிலையங்களை வைத்திருந்த மதுரை அமெரிக்கன் மிஷனில் நிலைமை வேறு. ஊழியர் சம்பளம் பாஸ்டனிலிருந்து வந்தது. அந்தச் சங்கத்தின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலிகன் மிஷனின் ஹென்றி வென்னைப் போலவே அவரும் சபை தன் காலில் தான் நிற்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று நம்பியவர். ஆனால் ஏழை விவசாயக் கூலிகளும் சிறு குடியானவர்களும் நிறைந்த சபை எங்கிருந்து போதகர் சம்பளத்தைக் கொடுக்கும்?

விடை திருநெல்வேலிச் சபைகளில் சமையலறையிலிருந்து வந்தது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, வாரம் சேர்ந்ததும் சபைக்குக் கொண்டுவரும் பிடியரிசி வழக்கம். கையில் காசு புழங்காத பெண்களால் கொடுக்க முடிந்த ஒன்று அது. அறுப்பின் பண்டிகையில் நெல், வாழைத்தார், கோழி, கருப்பட்டி என்று விளைந்ததைக் கொண்டுவந்து வைத்து ஏலம் விட்டார்கள். இந்த வழக்கங்கள் விகிதம் பார்க்கவில்லை, விளைச்சலைப் பார்த்தன. உபாகமத்தின் மனநிலைக்கு நெருக்கமானவை. இதற்குக் கொள்கை வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் அமைய முன்நின்றவர்; இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1912இல் தோர்ணக்கல் பேராயரான பின்பும், நிலமற்ற தெலுங்குச் சபை மக்களிடம் பிடியரிசியைப் பெற்றே ஊழியத்தை வளர்த்தார். கிறிஸ்தவக் கொடை பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1945இல் அவர் மறைந்த பின்பும் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்து மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம் உருவானபோது அது பெற்றுக்கொண்ட சொத்து, சந்தாவும் காணிக்கையும் அறுப்பின் பண்டிகையும் கலந்த இந்த மரபு.

இன்று நாம் கேட்கும் தசமபாகம், வருமானத்தில் பத்து சதவீதம் மாதந்தோறும் சபைக்கு என்ற வடிவத்தில், அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புத்துயிர் பெற்றது. சிகாகோ வணிகர் தாமஸ் கேன் என்பவர் துண்டுப்பிரசுரங்களை ஏராளமாக அச்சிட்டு அனுப்பி அதைப் பரப்பினார். சம்பளமும் வங்கிக் கணக்கும் வந்துவிட்ட சமுதாயத்துக்கு ஏற்ற வடிவம் அது. தமிழ்நாட்டுக்குள் அது வேரூன்றியது பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகள் வழியாக. 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழ்நாட்டில் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் சொந்தச் சொத்தைத் துறந்து விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்ந்தார்கள், சம்பளம் கிடையாது. லேவியருக்கு நிலமில்லை என்ற நிபந்தனை அங்கே ஏறக்குறைய எழுத்தின்படியே பொருந்தியது. ஆகவே அவர்கள் தசமபாகத்தைப் போதித்தபோது அதற்கு ஓர் உள்நியாயம் இருந்தது.

பின்னர் பெருகிய தனிச் சபைகளில் பல, போதனையை வைத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டன. ஆலய இடமும் கட்டடமும் போதகர் பெயரிலோ அவர் குடும்ப அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கும்போது அவரை லேவியர் என்று எப்படிச் சொல்வது? நிலம் உள்ளவர் நிலமில்லாதவருக்குக் கொடுத்த பங்கு, சில இடங்களில் திசை மாறி, வாடகை வீட்டுக்காரரிடமிருந்து வீட்டுச் சொந்தக்காரருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மகமை

செட்டிநாட்டில் இதற்கு இணையான ஒரு நிறுவனம் நெடுங்காலமாக இயங்கி வந்திருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி நாட்டுக்கோட்டை நகரத்தார் சமூகம் அமைந்தது. திருமணமானதும் ஆண்மகன் தன் கோயிலில் ஒரு புள்ளியாகிறான். புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு வரி. தொழிலில் இவ்வளவு என்று மகமை. முன்னதை ஆளை வைத்துக் கணக்கிட்டார்கள், பின்னதைப் புரளும் பணத்தை வைத்து.

மகமையின் தொடக்கத்தை நகரத்தார் மரபு பழனியோடு சேர்த்துச் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பழனிக்கு உப்பு வணிகத்துக்குப் போன குமரப்பன் என்பவர், விற்பனையில் ஒரு பங்கை முருகனுக்கென்று ஒதுக்கினார் என்பது அந்தச் செய்தி. பின்னாளில் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று வட்டிக்கடைகள் விரிந்தபோது ஒவ்வோர் ஊரிலும் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. பினாங்கில் 1857, சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859. அந்தக் கோயில்களிலேயே வணிகர்கள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கடைகளின் அளவைப் பார்த்து மகமையையும் அங்கேயே வசூலித்தார்கள். பேரேட்டில் மகமைக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்தப் பணத்தை முதலாளி தன் கைச்செலவுக்கு எடுக்க முடியாது. ஊரறிந்த வணிகர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கிற இடத்தில் மறைப்பதும் கடினம்.

இதற்கு ஒரு சட்ட நியாயமும் உண்டு. வட இந்திய வணிகரிடையே தர்மதா என்ற பெயரில், விற்பனையோடு சேர்த்து அறத்துக்கென வாங்கப்படும் தொகை வணிகரின் வருமானமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில், தொடக்கத்திலேயே அறத்துக்கென்று பெறப்பட்டதால் அது வணிகரின் வருமானமாகாது, வரியும் கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைச்சலின் பத்தில் ஒன்று ஆண்டவருக்குரியது என்று லேவியராகமம் 27 சொல்வதன் உட்பொருளும் இதுவே. அது கொடுப்பவரின் தாராளமன்று. தொடக்கத்திலிருந்தே அவருடையதாக இராதது. மல்கியா திருட்டு என்ற கடுஞ்சொல்லைப் பயன்படுத்துவதும் இந்த அடிப்படையில்தான். அப்படியானால் அந்தச் சொல் கொடுக்காதவரைப் போலவே, வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொள்பவரையும் சுடும்.

மகமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, மூழ்கிய கடனுக்கு ஈடாக வந்தது என்று நகரத்தார் தரப்பில் சொல்வதில் உண்மை உண்டு. நிலமிழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தந்திருக்காது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பில் கால்நடையாகத் திரும்பியவர்களும், பின்பு பர்மிய அரசின் நிலச் சட்டங்களில் சொத்தை இழந்தவர்களும் பட்ட துயரம் தனிக் கதை. ஆமோஸ் தசமபாகக்காரர்களிடம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்: பங்கைப் பிரித்தீர்கள் சரி, மீதி ஒன்பது பங்கு எப்படிச் சேர்ந்தது? சாதி எல்லைக்குள் இயங்கிய மகமையில் அந்நியனுக்கான மூன்றாம் ஆண்டுப் பங்கு எவ்வளவு என்றும் கேட்கலாம். சத்திரங்களும் பள்ளிகளும் ஓரளவு விடை சொல்கின்றன.

விகிதத்தையே தாண்டிப் போனவர்களும் இங்கே இருந்தார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைவதற்கு வள்ளல் அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். பத்தில் எத்தனை பங்கு என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்த சகேயுவிடம் இயேசுவும் விகிதம் பேசவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, இன்றைய கிறிஸ்தவருக்குத் தசமபாகம் சட்டமாகக் கட்டுப்படுத்தும் ஒன்றன்று என்பதே என் முடிவு. ஆலயமும் லேவியரும் நிலப் பங்கீடும் சேர்ந்த ஓர் அமைப்பின் பகுதி அது; கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்ததோடு அந்த அமைப்பும் போயிற்று. ஓர் ஒழுங்காக, வசதியுள்ளவர் தம் கொடையைத் தொடங்கும் அளவுகோலாகப் பத்தில் ஒன்றை வைத்துக்கொள்வதில் குறையில்லை. பலருக்கு அது கருமித்தனத்திலிருந்து விடுதலை தந்திருக்கிறது. ஆனால் அதைக் கட்டளையாகப் போதிக்க விரும்பும் சபை, கட்டளையின் மறுபாதியையும் ஏற்க வேண்டும். சொத்தில்லாத ஊழியர், பெற்றதிலும் பத்தில் ஒன்று கொடுக்கும் ஊழியர், மூன்றில் ஓர் ஆண்டு முழுப் பங்கையும் பெறும் ஏழைகள், பொதுவில் கணக்குக் காட்டும் பண்டசாலைக்காரர்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமல் மல்கியாவை மட்டும் வாசிப்பது வேதாகமத்தின் போதனை ஆகாது.

காரைக்குடிக் கடைகளில் அன்றாடக் கூலிக்கு நிற்கும் விதவையிடமும், கந்துவட்டியில் சிக்கிய குடும்பத்திடமும் பத்தில் ஒன்று கேட்பதைச் சபைகள் நிறுத்த வேண்டும். உபாகமத்தின்படி அவர்கள் பெறவேண்டியவர்கள். மற்றவர்களிடம் கேட்கும் சபைகள் ஆண்டுதோறும் வரவு செலவைத் தணிக்கை செய்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஏழைகளுக்குப் போன தொகை அதில் தனி வரியாக இருக்கட்டும்.